அவர் எழுதிய சட்டம்

டொக்டரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு சாவகச்சேரி அம்மாவின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொறன்ரோவின் ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கின் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, ஒரு சலவைக் கடைக்கும் பீட்சாக் கடைக்கும் இடையில் ஒடுங்கிக் கிடந்த சட்ட உதவி நிலையம் அது. தொண்ணூறுகளின் தொடக்கம். நான் மொழிபெயர்ப்பாளராக அங்கே சேர்ந்த முதல் நாள். அவருடைய மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையில் எங்களில் யாருக்கும் வாயில் நுழையாத ஒரு ஹங்கேரியப் பெயரும், அதற்கு முன்னால் ‘டொக்டர்’ என்ற பட்டமும் இருந்தன. ஹங்கேரியில் சட்டம் படித்தவர்களையும் டொக்டர் என்றே அழைப்பார்கள் என்பதை அந்த அம்மா எங்கே கண்டார்? சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி, “பிள்ளை, உவருக்குச் சொல்லும், படி ஏறேக்கை உயிர் போகுது எண்டு” என்றார்.

எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, வீங்கியிருந்த முழங்காலை மிகுந்த மரியாதையோடு பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், “அம்மாவிடம் சொல்லுங்கள், நான் சட்டத்துக்கு மட்டும்தான் டொக்டர். யாராவது அடித்து இந்த முழங்கால் வீங்கியிருந்தால் மாத்திரமே என்னால் உதவமுடியும்” என்றார். நான் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“ஓம், ஆமிக்காரர் அடிச்சவங்கள்தான். துவக்குப் பிடியாலை. மகன் எங்கையெண்டு கேட்டு அடிச்சவங்கள்.”

அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. டொக்டர் பேனாவைத் திறந்து, அகதி மனுவுக்காக எங்கே, யார், யார் பார்த்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். அவருக்கு இறங்கும். அன்று அவர் கேட்ட கடைசிக் கேள்விகள் எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு அவருடைய குரல் இறங்கியிருந்தது.

எனக்கு அந்தக் குரல் உடனே பிடித்துவிட்டது. அந்த நாட்களில் நானும் கோபத்தைத் தவிர வேறொன்றையும் கையில் கொண்டுவராத ஒருத்தியாகத்தான் இருந்தேன். ஊரில் என் அண்ணை ஒரு சட்டத்தரணி. சீமெந்துத் தொழிற்சாலைத் தொழிலாளருக்காக வழக்காடியவர், இடதுசாரி, எந்தப் பக்கத்துத் துவக்கையும் நம்பாதவர், அதை மேடையில் சொல்லவும் செய்தவர். ஒரு பின்னேரம் இயக்கத்துப் பெடியங்கள் நான்கு பேர் வந்து, ‘அண்ணை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ, ஒரு சின்ன விசாரணை’ என்று மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் காலை சந்தியிலிருந்த மின்கம்பத்தில் அவரைக் கட்டிவைத்துச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு மட்டை. அதில் ஒரே சொல்: துரோகி. ஆமி செய்திருந்தால் ஊரே திரண்டு அழுதிருக்கும். செய்தது எங்கள் பெடியங்கள் என்பதால் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கூடப் பின்வாசலால் வந்து பின்வாசலால் போனார்கள். நான் கனடாவுக்கு வந்து சேர்ந்தபோது இங்கேயும் அதே பின்வாசல்தான் இருந்தது.

டொக்டரின் கதையை ஒரே நாளில் நான் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு வேளைகளில், அவர் கறுத்த பாண் துண்டுக்குமேல் மிளகாய்த்தூள் தூவிய பன்றிக் கொழுப்பைத் தடவிக்கொண்டிருக்கும்போது, துண்டு துண்டாகச் சொல்வார். ஹங்கேரியின் சமவெளியில் ஒரு சிறு பட்டினத்தில் பிறந்தவர். அப்பா ரயில்வேத் தொழிலாளி. யூதக் குடும்பம், ஆனால் வீட்டில் கடவுளைவிடத் தொழிற்சங்கத்துக்குத்தான் மரியாதை அதிகம் என்பார். சட்டம் படித்து, அச்சுத் தொழிலாளருக்கும் நிலமற்ற கூலிகளுக்கும் வழக்காடி, சோஷலிசக் கட்சியில் சேர்ந்து, யுத்தம் முடிந்தபோது இளவயதிலேயே பாராளுமன்றத்துக்கும் நீதி அமைச்சுக்கும் போனவர். கொஞ்சக் காலம்தான். கம்யூனிஸ்டுகள் அவருடைய கட்சியை விழுங்கவந்தபோது, ‘நாங்கள் தனிக் கட்சியாகவே இருப்போம்’ என்று சொன்ன சிலரில் அவரும் ஒருவர். அதற்காக ஒரு விடியற்காலை கைதானார். குற்றம், தேசத்துரோகம்.

“என்னை அடித்தது பெரிய விஷயமில்லை. என்னை மனப்பாடம் பண்ண வைத்தார்கள்” என்று சொன்னார். அவருடைய வாக்குமூலத்தை விசாரணை அதிகாரியே எழுதிக்கொடுத்தான். வழக்கு நாளில் நீதிபதி கேட்கப்போகும் கேள்விகளும், அவர் சொல்லவேண்டிய பதில்களும் அதில் இருந்தன. ஒத்திகை பார்த்தார்கள். ஓரிடத்தில் அவர் தயங்கியபோது, தயக்கம் நன்றாக இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள் என்றானாம் அதிகாரி. சிறையில் இருந்தபோது மனைவியிடம் விவாகரத்துப் பத்திரத்தை நீட்டினார்கள். கையெழுத்து வைக்காவிட்டால் வேலையும் வீடும் போகும் என்றார்கள், மனைவி வைத்தார். ஐம்பத்தாறில் சிறைக் கதவு திறந்தது. அதே வருடம் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது தெருவில் நின்றார். ரஷ்ய யுத்தத் தாங்கிகள் திரும்பி வந்தபோது ஆயிரக்கணக்கானவர்களோடு எல்லையைக் கடந்து ஒஸ்ரியாவுக்கு நடந்தார். அங்கிருந்து ரொறன்ரோ. இந்த நாட்டில் அவருடைய சட்டப்படிப்பு செல்லாது. ஒரு சட்ட நூலகத்தில் புத்தகங்களை அடுக்கும் வேலையில் காலம் முழுவதையும் கழித்து, ஓய்வுபெற்ற பிறகு எங்கள் நிலையத்துக்குச் சம்பளமில்லாமல் வந்துகொண்டிருந்தார்.

எங்கள் நாட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை அவர் முதன்முதலாக வாசித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பொலிஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தையே நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கலாம் என்று அதில் இருந்த பிரிவுக்கு வந்ததும் தாளை மேசையில் கவிழ்த்துவைத்தார். “இதை எழுதியவனை எனக்குத் தெரியும்” என்றார். இலங்கையில் அவருக்கு யாரைத் தெரியும் என்று நான் குழம்பினேன். “பெயர் தெரியாது. ஆளைத் தெரியும். நன்றாகப் படித்தவன். நல்ல நோக்கத்தோடு எழுதியிருப்பான்.” அப்போது அந்தச் சொற்களின் பொருள் எனக்கு விளங்கவில்லை.

அண்ணையின் கதையை நான் அவரிடம் சொன்னேன். ரொறன்ரோவில் முதன்முதலாக ஒருவரிடம் முழுவதையும் சொன்னது அவரிடம்தான். அந்த வருடம் அண்ணையின் நினைவு நாளுக்கு ஒரு கூட்டம் வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மாலை போட்ட படம், நாலு பேர் பேச்சு, தேத்தண்ணி, அவ்வளவுதான். வோபர்ன் பகுதியில் எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குக்கும் எடுக்கும் ஒரு மண்டபத்தைப் பதிவு செய்தேன். இரண்டு நாள் இருக்கும்போது மண்டபக்காரர் தொலைபேசியில் கோல் எடுத்தார்.

“குறை நினையாதையும் தங்கச்சி. பைப் உடைஞ்சு உள்ளுக்கெல்லாம் தண்ணி நிக்குது. வேற இடம் பாருமன்.”

வேலை முடிந்து பஸ் எடுத்து நேரே அந்த மண்டபத்துக்குப் போனேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. யாருடையதோ பிறந்தநாளுக்குப் பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்டபக்காரர் என்னைக் கண்டதும் சமையலறைப் பக்கம் போய் மறைந்துகொண்டார். அன்றிரவே அக்காவின் வீட்டுக்கு அத்தான் என்னைக் கூப்பிட்டார். அத்தான் நல்லவர். என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவரே அவர்தான். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் சுட்டது.

“செத்தவரைக் கிண்டி எடுத்து என்ன காணப்போறீர்? எங்களுக்குப் பிள்ளையள் இருக்கு. ஊரிலை அம்மா இன்னும் இருக்கிறா. உந்தக் கூட்டத்தை விட்டிடும்.”

“அவர் அக்காவின்ர தம்பியும்தானே அத்தான்.”

“அதுக்கு?” என்றார். அக்கா அடுப்படியில் நின்றுகொண்டு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கூட்டம் நடந்தது. டொக்டர் தனக்குத் தெரிந்த ஒரு பாதிரியாரிடம் பேசித் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையை எடுத்துக் கொடுத்தார். வாசலுக்கு எதிரே ஒரு வானை நிறுத்திவைத்து, உள்ளே போகிறவர்களின் முகங்களை இயக்கத்துக்கு வேண்டியவர்கள் இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் ஒரு கைப்பிடி. அக்கா வரவில்லை. யாருமே பேச முன்வராதபோது டொக்டர் எழுந்தார். அவர் ஆங்கிலத்தில் பேச, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன்.

“இந்த மனிதர் குற்றமற்றவர் என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கு இவரைத் தெரியாது. இவர் துரோகியா இல்லையா என்று யாரும் எனக்கு நிரூபித்துக் காட்டவில்லை. உங்களுக்கும் காட்டவில்லை. நிரூபிக்கவேண்டும் என்று நீங்கள் யாரும் கேட்கவும் இல்லை. நான் கோபமாக இருப்பது சுட்டவர்கள்மேல் மட்டுமல்ல, கேட்காமல் இருந்தவர்கள்மேலும்தான்.”

முதல் வாக்கியத்தையே வேண்டாவெறுப்பாகத்தான் மொழிபெயர்த்தேன். என் அண்ணை குற்றமற்றவர் என்று ஒரு பெரிய மனிதர் மேடையில் சொல்லவேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன்! வீட்டுக்குப் போகும் வழியில் அவரோடு சண்டை பிடித்தேன். “உங்கள் அண்ணைக்கு நான் சட்டத்தரணி இல்லை. நான் சாட்சியும் இல்லை. எனக்குத் தெரியாததைச் சொன்னால், மட்டையில் ‘துரோகி’ என்று எழுதியவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?” என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆனாலும் அந்த நகரத்தில் அண்ணைக்காக எழுந்து நின்ற ஒரே மனிதர் அவர்தான் என்பதால் அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் ஹங்கேரியில் தேர்தல் நடந்தது. அவரைச் சிறையில் போட்ட பழைய கட்சி, பெயரை மாற்றி, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சோஷலிசக் கட்சி என்ற பெயரில் வென்றது. “என்னிடமிருந்து அவர்கள் எடுக்காமல் விட்டது அந்தச் சொல் ஒன்றுதான். இப்போது அதையும் எடுத்துக்கொண்டார்கள்” என்றார் டொக்டர். கொஞ்ச நாளில், சிறையிருந்த பழைய சோஷலிஸ்டுகளைக் கௌரவிக்கப்போவதாகவும் பதக்கத்தை ரொறன்ரோவிலேயே கொடுக்கப்போவதாகவும் அவருக்கு அறிவித்தார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார் என நினைத்தேன். அவர் சாம்பல் நிறக் கோட்டைச் சலவைக்குக் கொடுத்துவிட்டு வந்து, “ஞாயிற்றுக்கிழமை என்னோடு வருகிறீர்களா?” என்று கேட்டார்.

நகரத்தின் நடுவே ஹங்கேரியர்களின் மண்டபம். அங்கே அவருக்கு நண்பர்கள் யாரும் இல்லை என்பது நுழைந்ததுமே தெரிந்தது. ஊரைவிட்டு ஓடிவந்த ஹங்கேரியரில் பலருக்கு அவர் ஒரு சிவப்பன். சிவப்பர்களுக்கு அவர் ஒரு துரோகி. இத்தனை வருடமும் இந்த இரண்டுக்கும் நடுவே தனியாகவே இருந்திருக்கிறார். மேடையில் ஹங்கேரியத் தூதரகத்திலிருந்து வந்த ஓர் இளம் அதிகாரி, நல்ல பழக்கவழக்கம் உள்ளவன், நீலப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு ஆங்கிலத்திலும் ஹங்கேரிய மொழியிலும் மாறி மாறிப் பேசினான். கடந்த காலத்தில் வருந்தத்தக்க தவறுகள் நிகழ்ந்துவிட்டன என்றான்.

டொக்டர் பெட்டியை வாங்கவில்லை. “யாருடைய தவறுகள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அதிகாரி புன்னகைத்தான். “அந்தக் காலத்தின் தவறுகள், ஐயா.”

“காலம் என்னை அடிக்கவில்லை. அடித்தவனுக்குப் பெயர் இருந்தது. தீர்ப்பில் கையெழுத்து வைத்தவனுக்கும் பெயர் இருந்தது. அந்தப் பெயர்களை இந்த மேடையில் நீங்கள் சொல்லுங்கள், நான் பதக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.”

அவன் சொல்லவில்லை. டொக்டர் பெட்டியை அவன் பக்கமே தள்ளிவைத்தார். மண்டபம் கைதட்டியது. இவ்வளவு காலமும் அவருக்கு முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். நானும் தட்டினேன். அண்ணையின் கூட்டத்துக்கு வராத அத்தனை பேரையும் இங்கே கொண்டுவந்து இருத்தவேண்டும் போலிருந்தது.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். அறுபது வயதிருக்கும். கையில் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஹங்கேரிய மொழியில், மிகத் தெளிவாக, இரண்டோ மூன்றோ வாக்கியங்கள் பேசினார். கைதட்டல் நின்றுபோயிற்று. டொக்டரின் முகத்தை நான் பார்த்தேன். எனக்குப் பிடிபடாத ஒரே ஒரு சொல்லைத் தாழ்ந்த குரலில் பதிலாகச் சொன்னார். பிறகு மேடையிலிருந்து இறங்கினார். அவர் கைப்பிடியைத் தேடித் தடவியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். ஊரார் கதையெல்லாம் மொழிபெயர்த்துப் பிழைத்தவள் நான். அந்த மண்டபத்தில் எனக்கு மொழிபெயர்க்க ஒருவருமில்லை.

சப்வே ரயிலில் கிழக்கே திரும்பும்போது கேட்டேன். “அந்த அம்மா என்ன சொன்னார்?”

“‘என் அப்பாவை உன் நீதிமன்றம் தூக்கிலிட்டது. அதை அமைத்த சட்டத்தில் கையெழுத்து வைத்தவன் பெயரை நீ சொல்வாயா?’ என்றார்.”

“நீங்கள்?”

“என் பெயரைச் சொன்னேன்.”

பிறகு அவராகவே சொன்னார். யுத்தம் முடிந்தபோது, நாஜிகளுக்குத் துணைபோனவர்களை விசாரிக்க விசேட நீதிமன்றங்கள் அமைக்கும் சட்டத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர். வழக்கமான நீதிமன்றத்தில் பழைய நீதிபதிகள்தான் இருந்தார்கள், அவர்களை நம்பமுடியாது. ஆகவே கட்சிகள் நியமிக்கும் சாதாரண மனிதர்கள் தீர்ப்புச் சொல்லலாம் என்று எழுதினார்கள். சாட்சிய விதிகளைத் தளர்த்தினார்கள். மேன்முறையீட்டைக் குறுக்கினார்கள். “அந்த வருடத்துக்கு முந்திய கோடையில் எங்கள் பட்டினத்திலிருந்து யூதர்களை ஏற்றிக்கொண்டு வதைமுகாமுக்கு ஒரு ரயில் போனது. என் அம்மா அதில் போனார். நான் அந்தச் சட்டத்தை எழுதும்போது அந்த ரயில் மட்டும்தான் என் கண்முன்னால் இருந்தது. ஒருவனும் தப்பக்கூடாது, ஒரு நாளும் பிந்தக்கூடாது என்று எழுதினேன். பிறகு, என்னை விசாரிக்க வந்தவர்களுக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. வழியை நாங்களே வெட்டிவைத்திருந்தோம்.”

எனக்குக் கோபம் வந்தது. அவருடைய அம்மாவை நினைத்து அழவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. சின்ன விசாரணை என்று மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போன அந்த நான்கு பெடியங்களுக்கும் இதே போலத்தான் ஏதோ ஒரு ரயில் கண்முன்னால் இருந்திருக்கும். அவர்களுக்கும் ஒருவனும் தப்பக்கூடாது, ஒரு நாளும் பிந்தக்கூடாது. என் அண்ணைக்காக எழுந்து நின்றவர் என்று நான் நெஞ்சில் வைத்திருந்த மனிதர், அவர்களுக்குச் சட்டம் எழுதிக் கொடுக்கக்கூடியவராக ஒரு காலத்தில் இருந்திருக்கிறார். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு பல வாரம் நிலையத்தில் வேலைக்கு வேண்டியதைத் தவிர அவரோடு ஒரு சொல் பேசவில்லை. அந்தக் கோபம் பிழை என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

அந்த வாரங்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண் புளோர் வீதியில் உடுப்புத் திருத்தும் தையற்கடை ஒன்று வைத்திருந்தார். டொக்டர் அங்கே போனார். முதல் நாள் அவர் கதவைத் திறக்கவில்லை. அடுத்த தடவை டொக்டர் ஒரு கால்சட்டையைக் கையில் கொண்டுபோனார், நீளம் குறைக்கவேண்டும் என்று. வியாபாரம் வியாபாரம்தானே, அந்தப் பெண் அளவெடுத்தார். அவர் மண்டியிட்டு, வாயில் குண்டூசிகளோடு கீழ்மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, டொக்டர் மேலே நின்றபடி, “உங்கள் அப்பாவின் பெயர் என்ன?” என்று கேட்டார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்னாராம். அப்பா ஒரு பட்டினத்து நகரசபையில் எழுதுவினைஞராக இருந்தவர். ரயிலேறவேண்டியவர்களின் பெயர்களைத் தொகுத்துக் கொடுத்தவர் என்பது குற்றச்சாட்டு. விசாரணை ஒரு காலைப்பொழுது நடந்தது. அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினொரு வயது.

இதை டொக்டர் என்னிடம் சொன்னது ஓர் உதவி கேட்டு. அவருடைய கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. ஆங்கிலத்தில் இருந்த சில சட்டக் கட்டுரைகளை நான் வாசித்துக்காட்டவேண்டும். அந்தப் பெண்ணின் அப்பாவுடைய தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும்படி புடாபெஸ்ட் நீதிமன்றத்தில் மனுப்போடப் போகிறார். நான் என் கோபத்தையெல்லாம் சேர்த்துக் கேட்டேன்.

“அந்த ஆள் உண்மையிலேயே செய்திருந்தால்? உங்கள் அம்மாவைப் போன்றவர்களை ஏற்றி அனுப்பியது அவன்தான் என்றால்?”

“செய்திருக்கலாம்” என்றார், தாழ்ந்த குரலில். “எனக்குத் தெரியாது. அவருடைய மகளுக்கும் தெரியாது. அந்த ரயிலில் போனவர்களின் பிள்ளைகளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழி இருந்தது. நாங்கள் அவசரப்பட்டு அந்த வழியைத் தூக்கில் போட்டோம். நான் அவருக்கு விடுதலை கேட்கவில்லை. விசாரணை கேட்கிறேன்.”

அதைக் கேட்டுத் தையற்கடை அம்மாவுக்கும் கோபம்தான். அப்பா நிரபராதி என்று எழுதினால்தான் கையெழுத்து வைப்பேன் என்று அவர் கத்தியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். இந்தத் தடவை எனக்கு மொழி தேவைப்படவில்லை. சண்டை எதைப்பற்றி என்று தெரியும், நான் பிடித்த சண்டைதானே அது. டொக்டர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அந்த அம்மா கையெழுத்து வைத்தார். ஆனால் ஒருநாளும் டொக்டருக்கு ஒரு கோப்பி கொடுத்ததில்லை, இருங்கள் என்று சொன்னதும் இல்லை. மனுவும் இழுபட்டது. புடாபெஸ்டில் இருந்த ஓர் இளம் சட்டத்தரணியோடு டொக்டர் தொலைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டே இருந்தார். குரல் இறங்க இறங்க, இன்று நல்ல சண்டை என்று நாங்கள் அடுத்த அறையில் பேசிக்கொள்வோம்.

பதில் வருமுன்னே அவர் போய்விட்டார். ஒரு பெப்ரவரி மாதம், நிமோனியா. கடைசியாகப் பார்த்தபோது மூக்கில் ஒட்சிசன் குழாயோடு, “எழுத்துமூல வாதத்துக்கு மூன்று பக்கம் போதும், நீட்டவேண்டாம் என்று அந்தச் சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள்” என்றார். செத்தவீட்டுக்கு நிலையத்து ஆட்கள் வந்தோம், அவர் தயாரித்துக் கொடுத்த வழக்குகளில் வென்ற தமிழ்ச் சனம் கொஞ்சம் வந்தது, அந்தச் சாவகச்சேரி அம்மா மகனோடு வந்தார். ஹங்கேரியர்கள் ஒன்றிரண்டு பேர்தான். பதக்கத்தைத் திரும்பத் தள்ளியபோது தட்டிய கைகளில் ஒன்றையும் அங்கே காணவில்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது வாகனத் தரிப்பிடத்தில், பனிக்குள், தையற்கடை அம்மா நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவே இல்லை. நான் கிட்டப் போனேன்.

“நான் மன்னிக்க வரவில்லை” என்றார் ஆங்கிலத்தில். “இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டு இப்படி நடுவிலே செத்துப்போக இந்த ஆளுக்கு என்ன உரிமை இருக்கிறது? என் அப்பாவின் வழக்கை இனி யார் நடத்துவது?”

வழக்கை அந்த இளம் சட்டத்தரணி நடத்தி முடித்தான். தீர்ப்பு ரத்தானது. கேட்ட சாட்சியங்கள் தண்டனைக்குப் போதாதவை, விசாரணை விசாரணையே அல்ல என்று நீதிமன்றம் சொன்னதாக அந்த அம்மா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். சந்தோஷமா என்று கேட்டேன். “செய்தாரா, செய்யவில்லையா என்று அவர்கள் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் முடியாதாம்” என்றார். சில வருடங்களில் அந்தக் கடை மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள்.

அக்காவும் அத்தானும் இப்போது ரூஜ் பகுதியில் ஒரு பெரிய வீட்டில் இருக்கிறார்கள். பனிக்காலத்தில் நானும் அங்கேதான் அதிகம் தங்குவேன். ஊரில் யுத்தம் முடிந்து, எங்கள் சனம் எண்ணுக்கணக்கில்லாமல் செத்து, இப்போது எல்லா மேடைகளிலும் நீதி, சர்வதேச விசாரணை என்றுதான் பேச்சு. நானும் அந்தக் கூட்டங்களுக்குப் போகிறேன். அது எங்கள் சனத்தின் சாவு, போகத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ‘விசாரணை’ என்ற சொல் ஒலிபெருக்கியில் வரும்போது எனக்குள் ஒன்று கொதித்து எழும்புகிறது. இந்தச் சொல்லை நீங்கள் எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று எழுந்து நின்று கேட்கவேண்டும் போலிருக்கும்.

போன மார்கழியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவின் மகள் கேட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்து, இப்போது தானும் ஒரு தாயாக இருப்பவள். “சித்தி, ரேடியோவில ஒராள் பழைய கதையெல்லாம் கதைச்சவர். மாமாவை ஆர் சுட்டது? ஆமி எண்டுதானே அம்மா சொன்னவ? மாமா ரியலி ஏதும் செய்தவரோ?”

அக்கா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள்.

“உதை விடு பிள்ளை. சாப்பிடேக்கை உந்தக் கதையள் வேண்டாம்” என்றார் அத்தான்.

“விடேலாது அத்தான்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “ஆமி இல்லையம்மா. எங்கட பெடியள்தான். மாமா என்ன செய்தவரெண்டு கேக்கிறாய். எனக்குத் தெரிஞ்ச அளவிலை ஒண்டும் செய்யேல்லை. ஆனா நான் தங்கச்சி, நான் அப்பிடித்தான் சொல்லுவன். அதைக் கேட்டு நீ நம்பத் தேவையில்லை. மாமாவை ஒருத்தரும் விசாரிக்கேல்லை, ஏன் சுட்டனீங்கள் எண்டு இங்கை ஒருத்தரும் கேக்கவும் இல்லை. அதை முதல்ல தெரிஞ்சுகொள். மிச்சத்தைச் சொல்லுறன்.”

அத்தான் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து மாடிப்படி ஏறத் தொடங்கினார். நான் நிறுத்தவில்லை. அந்தப் பின்னேரம் அண்ணை என்ன உடுத்திருந்தார், படலையில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து என்ன சொன்னார், அடுத்த நாள் சந்திக்கு யார் யார் வரவில்லை, இந்த நகரத்தில் எந்த மண்டபத்தில் இல்லாத தண்ணீர் நின்றது என்று தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும், பெயர் சொல்லவேண்டிய இடத்தில் பெயரோடு, அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அக்கா அழுதாள். சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒருதரம் நிமிர்ந்து பார்த்தேன். அத்தான் மேலே போகவில்லை. மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தார்.